சீமைச்சாமந்தியும் அவுரியும்: இரண்டு இரவுப் பானங்களை வாசித்தல்

ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' 2000-இல் நூலாக வந்தபோது, ஒரு டம்ளருக்குள் சாதியும் வர்க்கமும் நவீனத்துவமும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்பது நமக்குத் தெரிந்தது. காபி ஒரு வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்துபோன கதை அது. இன்று அந்த இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது: கெமோமில் டீ. கணினி நிறுவனத்து இளைஞர்களின் சமாச்சாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நம் வட்டத்திலேயே, கூட்டம் முடிந்து தோழர் ஒருவர் வீட்டில் இரவு தங்கினால், "பால் டீ போடவா, கெமோமில் போடவா?" என்று கேட்கிறார்கள். சினிமாவை, விளம்பரத்தை, பட்டிமன்றத்தை எல்லாம் பிரதியாக வாசித்துக் கட்டுடைத்த நாம், நம் கையிலிருக்கும் இந்தக் கோப்பையை மட்டும் வாசிக்காமல் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் அந்தப் பொட்டலத்தைப் பார்க்கலாம். அதிலுள்ள சொற்களில் பெரும்பாலானவை இன்மையைச் சொல்பவை. காஃபின் இல்லை. சர்க்கரை இல்லை. பால் இல்லை. செயற்கை மணம் இல்லை. எதெல்லாம் இல்லையோ அதற்காகவே விலை கொடுக்கப்படும் பண்டம் இது. நம்மூர் டீக்கடைக் கிளாஸோ இதற்கு நேர் எதிர்: தூள், பால், சீனி, இஞ்சி, மேலே நுரை, கூட ஒரு வடை. காலையில் வேலைக்குப் போகிறவனுக்கு அது பானம் அல்ல, பாதி ஆகாரம். உடம்பில் கூடுதலாக எதுவும் சேராமல் பார்த்துக்கொள்வது யாருடைய கவலை, எதையாவது சேர்த்துக்கொள்வது யாருடைய தேவை என்பதிலிருந்தே இந்தப் பானத்தின் வர்க்கக் குணம் தொடங்கிவிடுகிறது.

ரொலான் பார்த் 1957-இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலில் வைனைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. பிரெஞ்சுக்காரனுக்கு வைன் என்பது தேசியத்தின் ரத்தம்போல. அதைக் குடிப்பது ஒரு சமூக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதுபோல. ஆனால் அந்தத் திராட்சை அல்ஜீரியாவில் பறிக்கப்பட்ட நிலத்தில், ரொட்டிக்கு வழியில்லாத முஸ்லிம் மக்களின் தலைமேல் ஏற்றப்பட்ட பயிர் என்பதை மறந்தால்தான் அந்த இன்பம் குறையில்லாமல் இருக்கும் என்கிறார் பார்த். ஒரு பானம் 'இயற்கையானது' என்று தோன்ற வேண்டுமானால் அதன் வரலாறு ஆவியாகிப் போயிருக்க வேண்டும். கெமோமிலில் ஆவி பறக்கும்போது பறந்துபோவது எது என்பதே என் கேள்வி.

கெமோமிலின் தொன்மம் தாய்மை சார்ந்தது. பியட்ரிக்ஸ் பாட்டரின் 'பீட்டர் முயலின் கதை' 1902-இல் வந்தது. ஆங்கிலம் வழியாகப் படித்த குழந்தைகளில் கணிசமானோருக்கு இந்தப் பானம் அறிமுகமானது அங்கேதான். கதை சாதாரணமானது. பீட்டர் என்ற குட்டிமுயல் மெக்கிரிகர் தோட்டத்து வேலிக்குள் நுழைந்து காய்கறி தின்கிறது, துரத்தப்படுகிறது, சட்டையையும் செருப்பையும் விட்டுவிட்டு ஓடி வருகிறது. இரவில் அம்மா முயல் அதற்குக் கெமோமில் டீ கொடுத்துப் படுக்க வைக்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்ட மற்றக் குட்டிகளுக்குப் பாலும் ரொட்டியும் நாவல்பழம்போல ஒரு பழமும் கிடைக்கின்றன. கதையின் தொடக்கத்திலேயே ஒரு தகவல் வருகிறது: பீட்டரின் அப்பா அதே தோட்டத்தில் பிடிபட்டு, மெக்கிரிகர் வீட்டு அடுப்பில் பணியாரமாகிப் போனவர். அப்பாவைக் கொன்ற வேலியைப் பற்றிக் கதையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அத்துமீறியவனின் பயத்தைத் தணித்துத் தூங்கவைக்க ஒரு கரண்டி டீ போதுமானதாக இருக்கிறது. குழந்தைக் கதையில் போய் இதையெல்லாம் தேடுவானேன் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வேலியும் தூக்கமும் ஒரே கதைக்குள் இருப்பதை நான் வைக்கவில்லை, பாட்டர்தான் வைத்தார்.

மருந்தாக அது வேலை செய்கிறதா? சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூவில் அபிஜெனின் என்ற சேர்மம் இருக்கிறது. மூளையில் தூக்கமருந்துகள் ஒட்டுகிற இடத்தில் அதுவும் லேசாக ஒட்டுகிறது என்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2009-இல் பதற்ற நோயாளிகளிடம் செய்த சோதனையில் பூவின் சாறடங்கிய மாத்திரை ஓரளவு பலன் தந்தது. மிச்சிகனில் 2011-இல் நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 34 பேரிடம் செய்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூலிகைகளை மதிப்பிட ஜெர்மானிய அரசு அமைத்த நிபுணர் குழு வயிற்றுக்கோளாறுக்கும் அழற்சிக்கும்தான் கெமோமிலை ஏற்றது. ஆக, இத்தனை காலம் நிலைத்து நிற்கும் அதன் செல்வாக்கை ரசாயனத்தால் மட்டும் விளக்க முடியாது. வெந்நீர் கொதிக்கும் நேரம், பூ ஊறும் நேரம், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கும் நேரம் என்று மொத்தம் ஒரு கால் மணி. விற்கப்படும் பண்டம் அந்தக் கால் மணிதான் என்று நினைக்கிறேன். அது பொய்யான பண்டமும் அல்ல. ஓய்வைக் கேலிசெய்கிற இடதுசாரித்தனத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. அந்தக் கால் மணி யார் யாருக்கு வாய்த்திருக்கிறது என்பதைத்தான் பேச வேண்டும்.

கெமோமிலுக்குத் தமிழில் 'சீமைச்சாமந்தி' என்று பெயர் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சீமை என்ற முன்னொட்டுக்குத் தனி வரலாறு உண்டு. மண்ணெண்ணெய் சீமையெண்ணெய். கரிசலில் கண்மாய், கரை, தரிசு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு நிற்பது சீமைக்கருவேலம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு அதுவே சோறு. சீமையிலிருந்து வந்தது எதுவாக இருந்தாலும் இந்த மண் அதைத் தன் பாஷைக்குள் இழுத்துவிடும். சீமைச்சாமந்தி மட்டும் அப்படி இழுபடவில்லை. கடையில் அது கெமோமிலாகவேதான் இருக்கிறது. பெயரைத் தமிழாக்கினால் விலை குறைந்துவிடும் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

இந்த இடத்தில் எப்போதும்வென்றானுக்கு வர வேண்டியிருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம் வழியாக மதுரைக்குப் போகும் சாலையில் இருக்கிற ஊர். சோலைசாமி கோயிலால் பெயர் தெரிந்த ஊர். பெயரில் உள்ள வெற்றியை மண்ணில் தேடினால் கிடைக்காது. மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் காலை விடாது, பெய்யாவிட்டால் காலை விழுங்கும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், இவற்றோடு இந்த வறண்ட பகுதியில் இன்னொரு பயிரும் உண்டு. அவுரி.

பெயரிலேயே குழப்பம். நாட்டுமருந்துக் கடையில் அவுரிப்பொடி கேட்டால் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசுகிற நீலி அவுரியைத் தருவான். நான் சொல்வது அது அல்ல. சித்த மருத்துவத்தில் நிலவாகை, நிலாவாரை என்றும் ஏற்றுமதி வியாபாரத்தில் சென்னா என்றும் வழங்குகிற செடி. உலகச் சந்தையில் இதற்கு இரண்டு ஜாதிப்பெயர் உண்டு. சூடான், எகிப்துப் பக்கத்து இலை 'அலெக்ஸாண்டிரியா சென்னா'. நம்முடையது 'டின்னவெல்லி சென்னா'. பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986 அக்டோபர் 20-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. வெள்ளைக்காரன் உச்சரித்த 'டின்னவெல்லி' மட்டும் ரக முத்திரையாக இன்னும் மூட்டைமேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகின் மருந்தகங்களில் உச்சரிக்கப்படும் ஒரே கரிசல் பெயர் அநேகமாக இதுதான். அதுவும் மனிதர்களின் பெயராக அல்ல, மலமிளக்கியின் பெயராக.

ஆம், மலமிளக்கி. ஐரோப்பிய மருந்துக்கடை அடுக்கில் கெமோமில் பொட்டலத்துக்குப் பக்கத்துப் பொட்டலம் இந்த அவுரி இலையாக இருக்கலாம். இரண்டுமே இரவில் குடிக்கச் சொல்லப்படுபவை. கெமோமில் தூங்குவதற்கு, அவுரி, தூங்கி எழுந்து காலையில் வயிறு கழிவதற்கு. ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் 1941-இல் இந்த இலையின் வீரியப்பொருளைப் பிரித்தெடுத்து சென்னோஸைடு என்று பெயர் வைத்தார்கள். இது சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடல்வரை போகிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. அதனால்தான் எட்டு, பத்து மணி நேரம் பிடிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கிறது. மார்ஃபின் கொடுக்கப்படும் புற்றுநோயாளிகளுக்கு மலச்சிக்கல் பெரிய வாதை. அவர்களுக்கு இந்த இலை உண்மையான ஆறுதல். அதே இலை எடைகுறைப்பு டீ, உடல் சுத்திகரிப்பு டீ என்ற பெயர்களிலும் விற்கிறது. அதைக் குடித்துக் குறைகிற எடை கொழுப்பு அல்ல, தண்ணீர். குடிப்பதை நிறுத்தினால் திரும்பி வந்துவிடும். தின்றதைக் கழிக்க ஒரு பானத்துக்குக் காசு கொடுக்கும் உடம்பும், அந்த இலையை உருவிக் கூலி வாங்கித் தின்கிற உடம்பும் ஒரே பண்டத்தின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. அந்நியமாதல் என்று நாம் வகுப்பெடுக்கிற விஷயம் இதைவிடத் தெளிவாக எங்கே கிடைக்கும்?

இலை உருவுவது பெண்கள் வேலை. மழைக்காலத்தை ஒட்டி விதைத்து, இரண்டு மூன்று மாதத்தில் முதல் உருவல். பிறகு தழைக்கத் தழைக்க இன்னும் ஒன்றிரண்டு முறை, கடைசியில் காய். ஆடு மாடு வாய் வைக்காது, வேலி வேண்டாம், வறட்சியைத் தாங்கும், தண்ணீர் தேங்கினால் மட்டும் செத்துப்போகும். உருவிய இலையை நிழலில் மெல்லிசாகப் பரப்பி ஒரு வாரம், பத்து நாள் கிளறிவிட வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். குமித்து வைத்தால் கறுத்துவிடும். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தால்தான் வியாபாரி நல்ல விலை சொல்வான். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இதற்கென்று கே.கே.எம்.1 என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் அவுரி கிடையாது. விலையை வாங்குகிறவன் சொல்வான், விற்கிறவன் கேட்டுக்கொள்வான்.

இந்தக் கட்டுரைக்காகக் கெமோமில் பொட்டலம் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோயிருந்தேன். அவுரி உருவப் போகிற என் சித்தி ஒருத்தி அதைப் பிரித்து மோந்து பார்த்தாள்.

"என்ன பூவுய்யா இது? காஞ்ச சாமந்தி மாதிரில்லா இருக்கு."

"தூக்கம் வரதுக்குக் குடிக்கிற டீ, சித்தி."

"தூக்கம் போறதுக்குல்லா நாங்க டீ குடிக்கோம்? வரதுக்கு எதுக்குய்யா டீ?"

உழைக்கும் மக்களுக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும் என்கிற நடுத்தரவர்க்கக் கற்பனைக்கு இதைச் சாட்சியாக நான் நிறுத்தவில்லை. கடன் உள்ளவர்களுக்கும் தூக்கம் கிடையாது, முதுகுவலிக்காரிக்கும் கிடையாது. சித்தி சொன்னது வேறு. கரிசலில் டீ என்பது தூக்கத்தை விரட்டும் கருவி. தூக்கம் இங்கே வராததால் தொலையவில்லை. அது பறிக்கப்பட்டது.

இதற்கு வரலாறு இருக்கிறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி தீப்பெட்டி ஆலைகளுக்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிப்போக விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கெல்லாம் பஸ் வந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. ஸ்மித்து கோத்தாரி 1983-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை இதை நாட்டுக்குச் சொன்னது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. கோரிக்கைகளும் அறிக்கைகளும் கூலியை, கல்வியை, ரசாயனத்தைப் பேசின, சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைகளிடமிருந்து முதலில் எடுக்கப்பட்டது எது? தூக்கம். கண்ணைக் கசக்கிக்கொண்டு பஸ் ஏறிய தலைமுறை இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறது. அவுரி உருவுகிறவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஜோனதன் கிரேரி 2013-இல் '24/7' என்ற நூலில், மூலதனத்தால் முழுதாக விழுங்க முடியாத கடைசி மிச்சம் தூக்கம்தான் என்றார். மேலைநாட்டு நகரத்தைப் பார்த்து எழுதியது அது. கரிசலில் மூலதனம் தொடங்கியதே அங்கிருந்துதான், குழந்தையின் தூக்கத்திலிருந்து.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ழாக் ரான்சியேர் 1981-இல் எழுதிய 'பாட்டாளிகளின் இரவு' பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தொழிலாளர்களைப் பற்றியது. அடுத்த நாள் வேலைக்காக உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டிய இரவை அவர்கள் படிக்கவும் எழுதவும் எடுத்துக்கொண்டார்கள். ரான்சியேர் அதைக் கலகமாகப் பார்க்கிறார். கோவில்பட்டி டீக்கடைகளில் விடியவிடிய இலக்கியம் பேசியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மில் பலருடைய எழுத்தே தூக்கத்தைக் கெடுத்த டீயில் கரைத்து எழுதியதுதான். அப்படிப்பட்ட நாம் தூங்கவைக்கும் டீக்கு மாறியிருக்கிறோம் என்பது வயசாகிவிட்டது என்பதற்கு மேல் எதையாவது சொல்கிறதா? சொல்கிறது என்றே எனக்குப் படுகிறது. இரவு நமக்குக் கலகத்தின் நேரமாக இல்லாமல் பராமரிப்பின் நேரமாகிவிட்டது.

டீக்கடையைப் பழைய சொர்க்கமாக்கிப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. தென்மாவட்டங்களில் டீக்கடை என்பது இரட்டைக் குவளையின் கடையும்தான். யாருக்குக் கண்ணாடிக் கிளாஸ், யாருக்குச் சிரட்டை என்று பிரித்த இடம். பின்னால் காகிதக் கப்பு வந்தது. நவீனம் வந்து தீண்டாமையை ஒழித்துவிட்டதாக எழுதினார்கள். ஒரு பகுதியாருக்குக் கிளாஸும் தலித்துகளுக்கு மட்டும் காகிதக் கப்பும் கொடுத்த ஊர்கள் உண்டு என்று கள ஆய்வுகள் சொல்லின. இதே ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில்தான் கொடியங்குளம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31-இல் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியபோது குடிதண்ணீர்க் கிணற்றையும் பாழாக்கினார்கள் என்பது அம்மக்களின் சாட்சியம். மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்கான ஊர்வலம் 1999 ஜூலை 23-இல் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். எங்கள் மாவட்டங்களில் குடிப்பது சம்பந்தமான எதுவும் அப்பாவித்தனமானதாக இருந்ததில்லை. 'மென்மை', 'இதம்', 'தூய்மை' என்ற சொற்களோடு ஒரு பானம் வரும்போது எனக்குச் சந்தேகம் வருவது அதனால்தான்.

இதைப் படிக்கும் சிலர் உடனே வேறொரு பக்கம் போவார்கள் என்பதும் தெரியும். "கெமோமில் எதுக்குத் தோழர்? நம்ம ஆவாரம்பூ இருக்கே!" ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு ஏது என்று கேட்கிற பழமொழி அவர்கள் கையில் தயாராக இருக்கும். நல்ல செடிதான். கரிசல் ஓரங்களில் மஞ்சள் மஞ்சளாகத் தானே பூத்துக் கிடப்பது. பொங்கலுக்குச் சிறுபூளையோடு காப்புக் கட்டுவது. பட்டையை உரித்துத் தோல் பதனிட்டவர்கள் இருந்தார்கள் (அவர்களின் சாதியைப் பாரம்பரியம் பேசுகிறவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை). ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்கான சித்த மருந்து. இப்போது அதே பூ காய்ந்து, ஜிப் வைத்த பொட்டலத்தில், தமிழர் மரபு என்ற முத்திரையோடு வருகிறது. நெடுஞ்சாலையோரத்தில் ஓலைக்கொட்டகை போட்டுக் கருப்பட்டிக் காபி விற்பதும் இந்த வகைதான். பனையேறியின் உடம்பைப் பற்றி அந்தப் பலகை ஒரு வார்த்தை பேசாது. சீமைத் தொன்மத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுதேசித் தொன்மத்தை வைப்பதால் கட்டமைப்பு மாறுவதில்லை. 2017-இல் நிலவேம்புக் குடிநீரைப் பற்றி, ஆய்வு முடியும்வரை தன் ரசிகர்கள் விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் சொன்னபோது கிளம்பிய கோபத்தை நினைத்துப் பாருங்கள். மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியையே மரபின்மீதான தாக்குதலாக எடுத்துக்கொண்டார்கள். 2020-இல் கபசுரக் குடிநீர் தெருத்தெருவாக ஊற்றப்பட்டபோது அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆள் குறைந்துவிட்டது. கஷாயம் கசக்கிறது என்பதே அது நம்முடையது என்பதற்கு ஆதாரமாகிப் போனது.

அவுரி இந்த இரண்டு சொல்லாடலிலும் மாட்டவில்லை. அது பூர்வீகச் செடி என்று பெருமைப்பட வழியில்லை, அரபு தேசத்திலிருந்து வந்தது. சீமைப் பண்டம் என்று ஒதுக்கவும் முடியாது, இங்கே விளைகிறது. பூவைப்போல அழகாகப் படம் எடுக்கவும் தோதில்லை. அதன் வேலை கழிப்பறையோடு சம்பந்தப்பட்டது. மரபுவாதியும் நவீனவாதியும் சேர்ந்து கைவிட்ட பயிர். கரிசல் எழுத்து கம்மங்கஞ்சியை, பருத்திக்காட்டை, தீப்பெட்டிக் கட்டையை எழுதிய அடர்த்தியில் இந்த இலையை எழுதவில்லை. கி.ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குக்கே ஒரு சொல்லகராதி போட்டார். கதைகளும் நாவல்களுமாக ஒரு பெரும் மரபு அவருக்குப் பின்னால் வந்திருக்கிறது. ஏற்றுமதிக்கென்றே விளைந்து, விளைந்த ஊரில் யாரும் சமைக்காத, தின்னாத ஒரு பயிருக்குக் கதை இல்லாமல் போவதில் ஆச்சரியம் இல்லைதான். சமையலறைக்குள் வராத பண்டம் நினைவுக்குள்ளும் வருவதில்லை. ஆனால் கூலியாக அது எத்தனையோ சமையலறைக்குள் வந்திருக்கிறது.

கெமோமிலுக்கும் வயல் உண்டு என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் குடிக்கப்படும் பூவில் பெரும் பங்கு எகிப்திலிருந்து, ஃபையூம் பக்கத்து வயல்களிலிருந்து போகிறது. அங்கேயும் பறிப்பது கைகள்தான். அந்தக் கைக்காரிகளுக்கு எந்த டீ தூக்கத்தை விரட்டுகிறது, அவர்களுடைய சித்தி என்ன சொல்வாள் என்று விசாரிக்கிற ஒரு கட்டுரையை அரபியில் யாராவது எழுதியிருந்தால் அதை மொழிபெயர்த்து இந்தப் பக்கங்களில் போட வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சூயஸ் வழியாகப் போகிற அவுரி மூட்டை அவர்கள் தேசத்தைக் கடந்துதான் போகிறது.

ஊரில் நண்பர்கள் சிலர் அவுரியை நாமே பொட்டலம் போட்டு விற்கலாம் என்கிறார்கள். நடக்கலாம். பொட்டலத்தின் மேல் என்ன அச்சிடுவது என்று என்னிடம் கேட்டார்கள், தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால். 'இயற்கை', 'தூய', 'பாரம்பரிய' மூன்றும் வேண்டாம் என்றேன். உருவுகூலி கிலோவுக்கு எவ்வளவு, வியாபாரி கொடுத்தது எவ்வளவு, இந்தப் பொட்டலம் எவ்வளவு என்று மூன்று எண்களைப் போடச் சொன்னேன். அப்படிப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று சிரித்தார்கள். பேச்சு அதோடு நிற்கிறது.